சிறை நெரிசல்: மாவட்ட அதிகாரிகளுக்குப் பொறுப்பில்லையா?

“சிறை நிரம்பி வழிந்தாலும் மாவட்ட அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது” என்று பரவும் செய்தி தவறானது. 2022 இறுதியில் 4,36,266 பேருக்கே இடமுள்ள இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இவர்கள் மட்டுமே ஏறத்தாழ மொத்த இடத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். கைதியை விடுவிக்க ஆணையிடுவது நீதிமன்றம்தான். ஆனால், முன்பு தண்டனை பெறாத ஒருவர், உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விடக் கோரி நீதிமன்றத்துக்கு உடனே எழுதும் கடமையை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்துகிறது (மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது). மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவில் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடக்கும் ஏழையின் பெயர் அந்தக் குழுவின் முன் வராமல் போனால், அது இவர்களின் தவறுமாகும்.