இரண்டு பேட்டரி இருந்தும் ஒரே ஒரு ‘டிக்’

டிக்.

நான்கு மாதம் கழித்து கேம்பர் வேனின் (உள்ளேயே சமைத்து, தூங்கி, ஊர் சுற்றும் வண்டி) சாவியைத் திருப்பியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். இரண்டாம் முறை திருப்பினேன். அந்த ‘டிக்’கும் இல்லை. மூன்றாம் முறை ஏன் திருப்பினாய் என்று கேட்காதீர்கள். நீங்களும் திருப்பியிருக்கிறீர்கள்.

தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறேன். குளிர்பெட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒன்றும் கிடையாது. நான்கு மாதமாக வெறும் காற்றைக் குளிர வைத்திருக்கிறது. (அணைக்க மறந்தது நான்தான். அந்தப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.) குளிர்பெட்டி மாதிரியான உள்வசதிகளுக்கென்றே இருக்கும் ‘வீட்டு பேட்டரி’ 13.6 வோல்ட் காட்டுகிறது. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு ஊட்டி ஊட்டி வளர்த்த செல்லப்பிள்ளை அல்லவா! அங்கிருந்து சில அடி தள்ளி, எஞ்சினைக் கிளப்ப வேண்டிய பேட்டரி 7.2 வோல்ட்டில் மல்லாந்து கிடக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஒருவனுக்கு விருந்து, இன்னொருவனுக்குப் பட்டினி.

நடுவில் ரிலே என்று ஒரு பெரிய மனிதர், அதாவது ஒரு தானியங்கி சுவிட்ச், உட்கார்ந்திருக்கிறார். 13.3 வோல்ட்டுக்கு ஏறினால் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவைப்பார், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடுவார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் எனக்கு வாய்த்த மகராசர் எஞ்சின் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். வீட்டு பேட்டரி நிரம்பி வழிந்தாலும் அந்தப் பக்கம் கண் திரும்பாது. இருபக்கமும் பார்க்கும் ரிலேயும் உண்டு என்பதைப் பொருத்தியவர் அன்றைக்குச் சொல்லவில்லை. “இனிக் கவலையே வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

சரி, இருந்த மின்சாரத்தைக் குடித்தது யார்? கடிகாரம், திருட்டு அலாரம், எஞ்சின் கணினியின் நினைவகம், எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர். அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். திருடன் எட்டிக்கூடப் பார்க்காத வண்டியை அலாரம் இரவுபகலாகக் காவல் காத்தே முடக்கிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதேதான். போதாததற்கு இத்தனை நாள் வற்றிக் கிடந்ததில் பேட்டரிக்கு உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்திருக்கும். பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது.

“வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட வேண்டியதுதானே?” என்று கிளம்பி வரும் புண்ணியவான்களே, அப்படியே நில்லுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமினால் எஞ்சின் ஆயில்கூடச் சரியாகச் சூடேறாது. வற்றிய ஈய அமில பேட்டரி நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும்.

சார்ஜர் வைத்திருக்கிறேன். சாதாரணமானது இல்லை, புத்திசாலி சார்ஜர். இரண்டு கவ்விகளையும் மாட்டியதும் பவ்யமாக அறிவித்தது: ‘பேட்டரி இல்லை’. வோல்ட் மிகவும் இறங்கிவிட்டால் பேட்டரியே இல்லை என்று முடிவு கட்டிவிடுமாம். அப்படியானால் என் எதிரே இருப்பது என்ன, பூசணிக்காயா? நோயாளி மயங்கிக் கிடக்கிறான், பெயர் சொன்னால்தான் சீட்டு என்கிறது.

இனி இன்னொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கித் தரும் ஜம்பர் கேபிள்தான் கதி. அது எங்கே? பின்கதவுக்கு உள்ளே. பின்கதவு எதனால் திறக்கும்? மின்பூட்டால். பூட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? ஆம், அந்தப் பூசணிக்காயிலிருந்துதான். முன்னிருக்கைக்கு மேலே ஏறி, மேசைக்கு அடியில் நுழைந்து, அடுப்பின் ஓரத்தில் முழங்காலை இடித்து, நாற்காலிகளுக்கும் கூடாரத்துக்கும் அடியிலிருந்து கேபிளை உருவினேன். வந்த வழியே, இம்முறை இன்னொரு முழங்காலை இடித்துக்கொண்டு, திரும்பினேன். என் வண்டியின் ஒரு பேட்டரியிலிருந்து அதே வண்டியின் இன்னொரு பேட்டரிக்குக் கடன் வாங்கினேன். சிவப்பைச் சிவப்பில் மாட்டி, கறுப்பை எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது!

இப்போது அணைக்கத் தைரியம் இல்லை. எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாமல், ஒரு பேட்டரியை உட்காரவைத்துச் சாலை சாலையாக ஊர்வலம் போனேன். அரை மணி நேரம் ஆன பிறகுதான் டீசல் முள் கண்ணில் பட்டது. சிவப்பைத் தாண்டி அடியில் படுத்திருந்தது.

அடித்துப்பிடித்து ஒரு பங்க்கில் நுழைத்தேன். முதலில் கண்ணில் பட்ட பலகை: ‘எஞ்சினை அணைக்கவும்.’

ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்கத் தொடங்கினேன். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். அவருடைய பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.