வெட்டிய மரத்தின் காபன் உடனே போய்விடுமா?

மரத்தை வெட்டிய அன்றே அதிலுள்ள காபன் முழுவதும் காற்றில் கலந்துவிடும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பது விறகுக்கு ஓரளவு சரி, கதவு நிலைக்கு இல்லை. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டலில் அறுத்த மரத்துக்கு 35 வருடம், பிளைவுட் மாதிரியான பலகைகளுக்கு 25, காகிதத்துக்கு வெறும் 2 என்று அரைவாழ்வுக் காலம் (அதிலுள்ள காபனில் பாதி வெளியேற எடுக்கும் காலம்) வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன், சின்ன விஷயமில்லை.

அப்புறம், நாடுகள் இந்தக் காபனைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான உற்பத்தி அணுகுமுறையின்படி, இறக்குமதி மரத்தின் காபன் அந்த மரம் விளைந்த நாட்டுக் கணக்கில்தான் சேரும், ஆகவே மட்டக்களப்பு மரக்காலைகளில் மலேசிய மரம் எவ்வளவு அடுக்கிக் கிடந்தாலும் அதை இலங்கையின் சேமிப்பாகக் காட்ட முடியாது. காட்டை நிரந்தரமாக அழித்து எடுத்த மரத்துக்கு, 2020 வரை நடைமுறையில் இருந்த கியோட்டோ காலநிலை உடன்படிக்கையின் விதிகளில் இப்படி அரைவாழ்வு வைத்துக் கணக்கிடும் சலுகையே இருக்கவில்லை. எங்கள் பக்கம் களவாக வெட்டுகிற முதிரை மரம் எந்தப் பதிவிலும் வருவதில்லை, தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.