விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

பொறியியல் சேர்க்கைக்குத் தேவையான கட்-ஆஃப் மதிப்பெண் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பெற்ற கல்லூரியை எடுங்கள் என்கிறது உங்கள் கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போன வருடம் என் மகளுக்கு பொறியியல் கலந்தாய்வில் இதே குழப்பம் வந்தது. ஒரு பக்கம் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரி, இன்னொரு பக்கம் பெரிய ஊரில் எல்லோரும் பேசும் தனியார் கல்லூரி. கலந்தாய்வில் போனால் தனியாரிலும் கல்விக் கட்டணத்துக்கு வரம்பு உண்டு, சரி. ஆனால் அங்கே நேரில் போய்க் கேட்டபோது விடுதி, மெஸ், பேருந்து, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். கல்விக் கட்டணத்தைவிட அந்தச் சீட்டின் கூட்டுத்தொகை பெரிது! அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே காரைக்குடிக்கு பஸ் ஏறினோம். அங்கே பட்டறை வாசலில் கையெல்லாம் கிரீஸோடு நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மகளோடு அரை மணி நேரம் பேசினாள். தண்ணீர் வரும் நேரம், இரவு நூலகம், எந்தப் பாடத்தில் அரியர் அதிகம் என்று எதையும் மறைக்கவில்லை. திரும்பும்போது மகளே சொல்லிவிட்டாள், "அப்பா, இங்கேயே சேர்றேன்."

கலந்தாய்வில் எந்தக் கல்லூரியில் இடம் என்ற தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் முடிவு சொல்லக் கிடைப்பது சில நாட்கள்தான். அதனால் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று விருப்பப் பட்டியல் போடும் முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அப்புறம், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளை என்றால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள்.