ஏசர் ஆய்வு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

ஏசர் (ASER) என்பது ஊரகப் பிள்ளைகளுக்கு எவ்வளவு படிக்கத் தெரிகிறது என்று பார்க்கும் ஆய்வு. “ஏசர் ஆய்வுக்காரர்கள் அரசுப் பள்ளிக்குள் போய் அந்தப் பிள்ளைகளை மட்டும் சோதித்துவிட்டு அறிக்கை போடுகிறார்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இல் தொடங்கிய இந்த ஆய்வு வீடு வீடாக நடப்பது. ஊரக மாவட்டம் ஒவ்வொன்றிலும் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஐந்து வீடு எடுப்பார்கள். திண்ணையில் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து முதலில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வார்கள். படித்துவிட்டால் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பத்தியிலேயே திணறினால் சொற்கள், அப்புறம் எழுத்துகள். தனியார் பள்ளிப் பிள்ளையும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும் இதில் உண்டு. பள்ளியில் சோதித்தால் அன்று வராத பிள்ளை விடுபட்டுப் போகுமே! கல்வி மதிப்பீட்டு வேலைக்கு வரும் இளைஞர்கள் முதலில் பழக வேண்டியது இப்படி ஊரையும் வீட்டையும் தேர்ந்தெடுக்கும் மாதிரியெடுப்பைத்தான் என்பேன்.

சரி, குழப்பம் எங்கே வந்தது? அதே ஊரின் அரசுப் பள்ளிக்கும் ஆய்வுக் குழு போகும். வருகைப்பதிவு, கழிப்பறை, குடிநீர் போன்றவற்றைக் குறித்துக்கொள்ள.