பைக் டீலருங்களே, இன்ஜின் முழுக்க ஆயிலை ஏத்திவிடுற ஒரு ஆயில் பம்ப்பை விலைக்குக் கொடுக்க உங்களுக்கு என்னய்யா கஷ்டம்?

உள்ளங்கையில அடங்குற சாமான். உள்ளே ரெண்டு ரோட்டர் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்துற பல் சக்கரம்), ஒரு சின்ன தண்டு, மேல ஒரு மூடி. விலை சில நூறு ரூபாய். காசைக் கையில வச்சுக்கிட்டு, பார்ட் நம்பரைத் தாள்ல எழுதிக்கிட்டு கவுண்டர்ல போய் நின்னா, "பம்ப் மட்டும் தர முடியாது சார், வண்டியக் கொண்டாந்து விடுங்க"ங்கிறாங்க. கடலூர்ல இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ஸ்டாக் இல்லைன்னா சரி, காத்திருக்கலாம். ஸ்டாக் இருக்கு. கம்ப்யூட்டர்ல பார்த்து அந்தப் பையனே சொன்னான். அப்புறம் உள்ளே போய் யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து, "இன்ஜின் உள் பார்ட்ஸ் கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்ல சார்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

ஏன் கொடுக்கிறதில்ல? வண்டி என் பேர்ல இருக்கு. வாரண்டி முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. தவணை கட்டி முடிச்சாச்சு. என் வண்டியை என் வீட்டு வாசல்ல உட்கார்ந்து நான் கழட்டுறதுக்கு இவங்க யாரு அனுமதி கொடுக்க?

பம்ப் ஏன் போச்சுன்னு சொன்னாத்தான் இந்தக் கோபம் புரியும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்துச்சு. அதுக்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில இறங்கி நாணமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடின்னு இந்தப் பக்கம் முழுக்க மூழ்கடிச்சது உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவுல நின்ன வண்டியெல்லாம் சீட் மட்டம் தண்ணியில கிடந்துச்சு. ஆயிலைத் திறந்துவிட்டா பால் டீ நிறத்துல வந்துச்சு.

வெள்ளத்துல நின்ன வண்டியை முதல்ல ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. ஆயிலை இறக்கணும், கிளட்ச் பக்கத்துக் கவரைத் திறக்கணும், அடியில இருக்கிற ஆயில் வலையைக் கழுவணும், புது ஆயில் விட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் இறக்கணும். இது தெரிஞ்சுதான் வண்டியை அதே டீலர்கிட்ட சர்வீஸுக்கு விட்டேன். பில்லுல "இன்ஜின் ஃப்ளஷ்"னு, அதாவது இன்ஜின் உள்ளே கழுவினதா தனி வரி, அதுக்குத் தனிக் காசு. அந்த பில் இன்னும் என்கிட்ட இருக்கு. இப்போ நான் கவரைக் கழட்டிப் பார்க்கிறேன், வலை முழுக்க ஆத்து வண்டல், ஆயிலோட குழைஞ்சு கெட்டியா அப்பிக் கிடக்கு. ஆயில் கசியாம கவருக்கு அடியில வைக்கிற பேக்கிங் கம்பெனியில போட்டது, அப்படியே இருக்கு. அப்படின்னா அன்னைக்கு ஒருத்தரும் கவரைத் திறக்கவே இல்ல. ஆயிலை மாத்திட்டு ஃப்ளஷ்னு எழுதிக் காசு வாங்கியிருக்காங்க.

அந்த வலை பெரிய தூசியைத்தான் தடுக்கும். மாவா இருக்கிற வண்டல் அது வழியாப் பம்புக்குள்ள போயிடும். உள் ரோட்டர் சுத்தி வெளி ரோட்டரையும் சுத்தவைக்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மயிரிழை அளவு. பல வண்டிகளோட சர்வீஸ் மேனுவல்ல ரோட்டர் முனை இடைவெளிக்கு 0.20 மி.மீ.தான் கடைசி வரம்பு. என் பழைய பம்புல, இடுக்கை அளக்குற ஃபீலர் கேஜோட 0.30 தகடு தாராளமா நுழையுது. இன்ஜின் சூடாகி ஆயில் இளகினதும் அந்த இடுக்கு வழியா பிரஷர் இறங்கிடும். இன்ஜினோட மேல்பகுதி ஹெட்டுதான் பம்ப்புக்குத் தூரத்துல இருக்கு, அதனால முதல்ல ஆயில் இல்லாம காய்றது அங்கே வால்வைத் திறந்து மூடுற கேமும் ராக்கரும். மேலேருந்து டக்கு டக்குன்னு சத்தம். அதையும் கவனிக்காம ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். பெரும்பாலான 100, 125 சிசி வண்டியில ஆயில் பிரஷருக்குன்னு ஒரு எச்சரிக்கை லைட்கூடக் கிடையாது. காதுதான் லைட்.

இந்தச் சத்தத்தோட போனவன்கிட்ட அவங்க சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? ஹெட் இறக்கணும், சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும், பிஸ்டன், ரிங், கேம், செயின், எல்லாம். எஸ்டிமேட் அஞ்சு இலக்கத்துல. ஹெட் மேல இருக்கிற டேப்பட் மூடியைத் திறந்து ஆயில் ஏறுதான்னு ஒரு நிமிஷம் பார்க்கல. அதுக்கு ஒரு ஸ்பேனர் போதும்.

சரி, வெளிக்கடையில வாங்கலாம்னு போனா அது வேற கொடுமை. டப்பா பளபளன்னு இருக்கு, ஹோலோகிராம் ஒட்டியிருக்கு, எம்.ஆர்.பி. அச்சடிச்சிருக்கு. எனக்கு நம்பிக்கை இல்ல. கடைவாசல்லயே மூடியைக் கழட்டி ஃபீலர் கேஜை விட்டேன். புத்தம் புது பம்ப், 0.25 தகடு தட்டாம உள்ளே போகுது. ரோட்டர் ஓரத்துல வார்ப்புப் பிசிறு விரல்ல குத்துது. அந்தப் பிசிறு உடைஞ்சு ஆயிலோட கலந்தா போய்ச் சேர்ற இடம் கிராங்க் பேரிங். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கத்துறாரு: "பிரிச்சுப் பார்த்தா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் தம்பி, நீங்க என்ன மெக்கானிக்கா?" மெக்கானிக்கா இருந்தாத்தான் நல்ல சாமான் கேட்கணுமா? தெரியாத மனுஷன் அதை வாங்கி மாட்டி, ரெண்டு மாசத்துல இன்ஜின் பிடிச்சுக்கிட்டா யார்கிட்ட போய் நிப்பான்? ஒரிஜினலைக் கவுண்டர்ல கொடுக்காத ஒவ்வொரு இடமும் இந்த டூப்ளிகேட்காரனுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குது. அதை யாராவது யோசிக்கிறாங்களா?

பேக்கிங் கதை இன்னும் மோசம். எனக்குத் தேவை கிளட்ச் கவர் பேக்கிங் ஒண்ணு, ரெண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). தனியா கிடையாதாம், முழு செட்டும் வாங்கணுமாம். ஹெட் பேக்கிங், பிளாக் பேக்கிங் எல்லாம் அதுல. நான் ஹெட்டைத் தொடவே போறதில்ல! காசைக் கொடுத்து வாங்கி அலமாரியில வச்சிருக்கேன்.

அப்புறம் கிளட்ச் நட்டு. என் வண்டியில பம்ப்பைத் தொடணும்னா கிளட்ச் வெளியே வரணும். நாலு காடி வெட்டின நட்டு அது. அதுக்குன்னு இருக்கிற சாக்கெட் நான் தேடின கடையில கிடைக்கல. பாதி ஒர்க்ஷாப்புல உளியை வச்சுச் சுத்தியால அடிச்சுத்தான் கழட்டுறாங்க. நட்டோட காடி சிதைஞ்சு போகும். நான் கடலூர் ஓ.டி.யில (ஓல்டு டவுன்) ஒரு லேத்துக்காரர்கிட்ட குழாய் கொடுத்து, முனையில நாலு பல் வெட்டி வாங்கினேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு, நட்டுல ஒரு கீறல் இல்ல. வீட்டுல செய்றவன் கெடுத்துடுவான்னு சொல்றவங்க வந்து பார்க்கட்டும்.

இதெல்லாம் சட்டம் இல்லாத ஊர்ல நடக்கலங்க. கார் கம்பெனிகள் உதிரி பாகத்தை வெளிச்சந்தைக்கு விடாம அடைச்சு வச்சதுக்காக 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. மேல்முறையீடு அது இதுன்னு போனது தனிக்கதை, ஆனா அப்படி அடைச்சு வைக்கிறது தப்புன்னு ஆணையமே சொல்லியாச்சு. 2022 ஜூலையில ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு குழு போட்டுச்சு, அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி இணையதளமும் திறந்தாங்க. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாதனம், வாகனம்னு நாலு துறையைச் சொன்னாங்க. வாகனம் அதுல இருக்கு! இருந்தும் என் வண்டியோட சர்வீஸ் மேனுவலை டீலருக்கு மட்டும்தான்னு வச்சிருக்காங்க. என் கையில கொடுத்த புத்தகத்துல டயர்ல காத்து அடிக்கிறதும் செயினுக்கு எண்ணெய் விடுறதும்தான் இருக்கு. மத்ததுக்கெல்லாம் டீலரை அணுகவும்.

கடைசில பம்ப் பாண்டியில கிடைச்சுது. நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு கடை, வயசான ஒருத்தர் கவுண்டர்ல. நம்பரைப் பார்த்தார், உள்ளே போய் எடுத்துட்டு வந்தார், பில் போட்டார். ஒரு கேள்வி கேட்கல. "மாட்றதுக்கு முன்னாடி உள்ளே ஆயில் விட்டுக் கையால சுத்திடு தம்பி, காஞ்சு ஓடக் கூடாது"ன்னு மட்டும் சொன்னார். இவ்வளவுதாங்க வேணும்! இது அவரால முடியுதுன்னா அங்கே மட்டும் ஏன் முடியல?

அவர் சொன்ன மாதிரியே பம்ப்பை ஆயிலால நிரப்பி மாட்டினேன். கவர் போல்ட்டுகள் ஒவ்வொண்ணும் ஒரு நீளம், இடம் மாறினா அலுமினிய மரை போயிடும், அதனால அட்டையில ஓட்டை போட்டுக் கழட்டின வரிசையில குத்தி வச்சிருந்தேன். பிளக்கைக் கழட்டி வச்சு, டேப்பட் மூடியைத் திறந்து கிக்கரை மிதிச்சேன். மிதிக்க மிதிக்க ராக்கர் மேல ஆயில் வழிஞ்சு வந்துச்சு. சத்தம் போச்சு. போர் பண்ணல, பிஸ்டன் மாத்தல.

எதிர்வீட்டு அண்ணன் துறைமுகத்துல மீன் எடுத்துத் தெருத்தெருவா விக்கிறவர். அதே வெள்ளம், அதே சத்தம், அதே எஸ்டிமேட். வண்டி இல்லைன்னா அவருக்குப் பொழப்பு இல்ல, வட்டிக்கு வாங்கிக் கட்டிட்டார். மாத்தினதாச் சொன்ன பழைய சாமான் ஒண்ணையும் அவர் கையில கொடுக்கல. திங்கக்கிழமை அவர் பில்லையும் என் பில்லையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் அந்தக் கவுண்டருக்குப் போறோம். அவரோட பழைய பிஸ்டன் எங்கே, கேம் எங்கேன்னு மேனேஜரை வெளியே கூப்பிட்டுக் கேட்கப் போறோம். எழுத்துல பதில் வராம அங்கேருந்து நகர மாட்டோம்.