லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூல் கட்டாயமா?

‘டிரைவிங் ஸ்கூல் மூலமாகப் போனால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்குவார்கள், அதுதான் சட்டம்’ என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். சொந்த உபயோகத்துக்கான பைக், கார் லைசென்ஸுக்கு அப்படி ஒரு விதி இல்லைங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 9ஆம் பிரிவின்படி, தகுதியிழப்பு இல்லாத யாரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 14ஆம் விதியைப் பாருங்கள்: இணைக்க வேண்டியவற்றில் பயிற்சிப் பள்ளியின் படிவம் 5 சான்றிதழும் வருகிறது, ஆனால் ‘இருந்தால்’ என்ற சொல்லோடுதான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழிந்திருக்க வேண்டும், அது காலாவதியாகும் முன் டெஸ்டுக்குப் போய்விட வேண்டும். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு விதி வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீங்களே சரிபார்க்கலாம். மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளமான இந்தியா கோட் தளத்தில் சட்டம் முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம், மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் தளத்தில் லைசென்ஸுக்கான சாரதி பக்கத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பமும் அரசுக் கட்டணமும் அங்கேயே தெரியும். நன்றாக ஓட்டப் பழகப் பள்ளிக்குப் போவது நல்லதுதான். ஆனால் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாதவர் அந்த நண்பர் சொன்ன தவறான தகவலை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது.