ஏடிஎச்டி 18 வயதோடு போய்விடுமா?

“ஏடிஎச்டி குழந்தைகளின் பிரச்சினை, 18 வயதில் தானாகப் போய்விடும். பெரியவர்களுக்கு இருப்பது சோம்பல்தான், அதன் மாத்திரை போதைப்பொருள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஏடிஎச்டி என்பது கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட ஒரு மூளை வளர்ச்சிக் கோளாறு.

சிலருக்கு வயதோடு அறிகுறிகள் தணிவது உண்மை. பலருக்குத் தொடர்கிறது, வடிவம் மட்டும் மாறுகிறது. ஓடியாடிய பிள்ளை, பெரியவரானதும் கையில் பணம் இருந்தும் கட்டணத் தேதியை மறந்து மாதாமாதம் அபராதம் கட்டுகிறார். எதிரில் இருப்பவர் பேசும்போதே பாதி வாக்கியத்தைத் தவறவிட்டு, புரிந்ததுபோல் தலையாட்டுகிறார். இவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு பெரியவர்களுக்கும் வரையறை தருகிறது: 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தது 5 அறிகுறிகள், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதைக் கண்டறியாது. இணைய வினாத்தாளும் முடிவல்ல. மனநல மருத்துவர் சிறுவயது வரலாற்றைக் கேட்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு கோளாறு போன்றவற்றையும் பார்த்தே சொல்வார்.

மருந்து? ஏடிஎச்டிக்குத் தரப்படும் ஊக்கி மருந்தான மீத்தைல்ஃபெனிடேட் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியது என்பதால்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ரத்த அழுத்தம், இதயத் துடிப்பைக் கவனித்து மருத்துவர் தரும் அளவில் அது சிகிச்சை. இன்னொரு மருந்தான அட்டாமாக்செட்டின் அந்த ஊக்கி வகையே அல்ல. நடத்தைச் சிகிச்சையும் உண்டு.

மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் பகிராதீர்கள். அதை நம்பி யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.